திரைக்குப் பின்னால் என் வீட்டுக்காரர்

மற்ற வீடுகளில் பெண்டாட்டி சினிமா பார்க்க வேண்டுமென்று புருஷனோடு மல்லுக்கு நிற்பாள். என் வீட்டில் நிலைமை வேறு. என் வீட்டுக்காரருக்கு ஒரு சினிமாவைக் காட்டியே தீருவது என்று நான் சபதம் செய்தேன். அதுவும் இங்கிலீஷ் சினிமா. அதுவும் நெற்றியை மறைக்கிற முடியோடு நாலு பையன்கள் கித்தாரும் கையுமாக ஓடுகிற சினிமா.

சபதம் செய்கிற ஆள் அல்ல நான். எனக்குப் பல்லி பயம். தந்திச் சேவகன் பயம். சுரங்கத்துச் சங்கு ஊதினால் பயம். ஊத வேண்டிய நேரத்தில் ஊதாவிட்டால் அதைவிடப் பயம். கம்பெனி பஸ் கொஞ்சம் தாமதமானால் போதும், மனசுக்குள் தாலியைக் கழற்றி வைத்து, பஸ் வந்ததும் மறுபடி மாட்டிக்கொள்வேன். இப்படிப்பட்டவளைச் சபதம் செய்ய வைத்தது என் பெண் செல்லக்கிளியின் இடது கை.

செல்லக்கிளிக்கு இன்னும் ஒரு வயசு நிறையவில்லை. தவழ்கிறாள், எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நின்ற இடத்தில் எட்டுவதையெல்லாம் இழுத்துத் தள்ளுகிறாள். எல்லாவற்றுக்கும் இடது கைதான். பிஸ்கட் வாங்க இடது கை. கிலுகிலுப்பை ஆட்ட இடது கை. அப்பா மீசையைப் பிடித்து இழுக்கவும் இடது கை. பிஸ்கட்டையும் கிலுகிலுப்பையையும் கவனிக்காத அப்பா, மீசையில் விழித்துக்கொண்டார்.

அவர் நெய்வேலி லிக்னைட் சுரங்கத்தில், கரி கொண்டு போகிற கன்வேயர் பெல்ட்டுக்குச் சூபர்வைசர். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவார், சட்டையைக் கழற்றுவார், சுரங்கத்தை மட்டும் கழற்ற மாட்டார். பால் பொங்கினால் ‘ஓவர்லோடு’ என்பார். நான் கண் கலங்கினால் ‘லீக்’ என்பார். மகளின் இடது கையைப் பார்த்ததும் ‘அலைன்மென்ட் சரியில்லை’ என்றார்.

“லீவர் எந்தப் பக்கம் இருக்குது? வலது பக்கம். சுவிட்சு? வலது பக்கம். உலகத்தையே சோத்தாங்கைக்குன்னு பண்ணி வச்சிருக்கான். இவ மட்டும் பீச்சாங்கையை நீட்டிக்கினு நின்னா எப்படி?”

“குழந்தைதானேங்க. தானா மாறிடும்.”

“எந்த மிஷினும் தானா சரியானதா நான் பார்த்ததில்ல.”

அன்று மாலையே தன் பழைய காக்கி பேண்ட்டிலிருந்து ஒரு ஜேபியைக் கத்தரித்தார். ஜேபியின் வாயில் நாடா கோத்தார். அதை மகளின் இடது கையில் மாட்டி மணிக்கட்டில் முடிச்சுப் போட்டார். அதற்கு ‘சேஃப்டி கார்டு’ என்று பெயரும் வைத்தார். செல்லக்கிளி காக்கி உறையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உதறினாள். போகவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் டூட்டிக்குப் போனதும் உறையை அவிழ்ப்பேன். பஸ் சத்தம் கேட்டதும் மாட்டுவேன். ஒருநாள் அவசரத்தில் முடிச்சைப் பூ முடிச்சாகப் போட்டுவிட்டேன். அவர் முடிச்சையே உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார், தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது செல்லக்கிளியை நெல்லிக்குப்பத்தில் தன் அக்கா மாணிக்கம்மாள் வீட்டில் விட்டுவிட்டு வரப் போகிறோம் என்று. பொங்கல் வரைக்கும் அங்கேயே இருக்கட்டுமாம். மாணிக்கம்மாள் அண்ணி தன் பிள்ளைகளின் பீச்சாங்கைப் பழக்கத்தை விரலில் மிளகாய் தேய்த்தே விரட்டியவர்.

“நானும் கூட இருக்கேங்க.”

“நீ இருந்தா அவுத்து வுட்டுடுவ. கொழந்த மட்டும்தான்.”

அதுவரை எனக்கு இருந்த பயமெல்லாம் சில்லறைப் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் காந்திமதி அக்காவிடம் போய் அழுதேன். அக்காவின் வீட்டுக்காரர் சிங்காரவேல் அண்ணன்தான் எங்கள் கிளப்பில் சினிமா போடுகிறவர். மெஷின் ஓட்டுவதும் அவரே, பெட்டி எடுக்கக் கடலூர் போவதும் அவரே, படம் அறுந்துபோனால் ஏச்சு வாங்குவதும் அவரே. அக்காவுக்கு ஆறுதல் சொல்ல வராது. அழுகிறவள் கையில் ஏதாவது வேலையைக் கொடுத்துவிடுவாள். அன்றைக்கு, நான் கான்வென்ட்டில் படித்தவளாயிற்றே என்று, ஒரு இங்கிலீஷ் வாரப் பத்திரிகையைக் கொடுத்தாள்.

“ஏம்மா கான்வென்ட்டு, அழுதுகினே இதைப் படிச்சிச் சொல்லு. இந்த நாலு பேரு படத்தைத்தான் அடுத்தாப்பல போடப் போறாராம் உங்க அண்ணன். பொம்பளையா ஆம்பளையான்னு கேட்டா அவருக்கே தெரியல.”

பீட்டில்ஸ். லண்டனில் இவர்கள் தெருவில் இறங்கினால் போலீஸ் வர வேண்டுமாம். பெண்கள் மயங்கி விழுகிறார்களாம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தேன். ஒருவர் டிரம் அடிக்கிறவர், மூன்று பேர் கித்தார் பிடித்திருந்தார்கள். இரண்டு கித்தார் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. குழந்தை முகக்காரர் ஒருவருடையது மட்டும் எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. கீழே எழுதியிருந்தது: இவர் இடது கைக்காரர்.

பத்திரிகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து நீட்டினேன். உலகத்தையே கட்டி ஆளுகிறவர், இடது கைக்காரர், பாருங்கள் என்றேன். அவர் பார்த்தார். முதலில் முடியைப் பார்த்தார். அந்த முடி கன்வேயர் உருளையில் சிக்கினால் என்ன ஆகும் என்று எனக்கு விவரமாகச் சொன்னார். பிறகு கித்தாரைப் பார்த்தார்.

“நாலுல ஒண்ணு பழுது. மீதி நல்லாத்தானே இருக்குது? பழுதானதை வச்சிக்கினு எவனாச்சும் ஸ்டாண்டர்டு முடிவு பண்ணுவானா?”

எனக்கு விஷயம் புரிந்தது. ஒன்று போதாது. மெஜாரிட்டி வேண்டும்.

மெஜாரிட்டிக்கு எங்கே போவது? லண்டனுக்கு எழுதி மற்றவர்களையும் கை மாற்றச் சொல்ல முடியுமா? பாத்திரம் துலக்கிக்கொண்டே யோசித்தேன். யோசித்தபோது கான்வென்ட் நினைவுக்கு வந்தது.

கடலூர் கான்வென்ட்டில் வருஷத்துக்கு ஒருமுறை புனிதர்கள் கதையைச் சினிமாவாகப் போடுவார்கள். ஹாலின் நடுவில் வெள்ளைத் துணி கட்டுவார்கள். பெரிய மனிதர்களும் பெற்றோரும் துணிக்கு முன்னால். ஹாஸ்டல் பெண்கள் துணிக்குப் பின்னால். பின்னாலிருந்தும் படம் தெரியும்; ஆனால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாகத் தெரியும். முதல் வருஷம் எனக்கு அது தெரியாது. படத்தில் பாதிரியார் இடது கையால் சிலுவை போட்டார். புனிதர் இடது கையால் ஆசீர்வதித்தார். எல்லோரையும் சாத்தான் பிடித்துவிட்டது என்று நான் வீறிட்டு அழ, சிஸ்டர் என் காதைப் பிடித்துத் துணிக்கு முன்பக்கம் இழுத்துப் போனார். அங்கே எல்லோரும் ஒழுங்காக வலது கையால் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் கிளப் மைதானத்திலும் அதே ஏற்பாடுதான். இரண்டு கம்பம், நடுவில் துணி. முன்பக்கம் பாஸ் உள்ளவர்கள்: ஆண்களுக்கு நாற்காலி, கயிற்றுக்கு இந்தப்பக்கம் பெண்களுக்குப் பாய். பின்பக்கம் யார் வேண்டுமானாலும் தரையில் உட்காரலாம். கான்ட்ராக்ட் ஆட்கள் குடும்பத்தோடு அங்கேதான் உட்காருவார்கள். என் வீட்டுக்காரர் சூபர்வைசர். பிறந்ததிலிருந்து துணிக்குப் பின்னால் உட்கார்ந்ததே கிடையாது.

பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த ஒரு இடது கைக்காரர் வலது கைக்காரர் ஆகிவிடுவார். போகட்டும். மற்ற மூன்று பேரும் இடது கைக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

இதில் பொய் எதுவும் இல்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். நான் செய்யப்போவது ஒருவருக்கு உட்கார இடம் காட்டுவது மட்டுமே.

ஆனால் அவர் படத்துக்கே வரமாட்டாரே. கிளப் கூட்டத்தில் எழுந்து, மிஷினில் வேலை செய்கிறவர்களுக்கு முடி வளர்த்தவன் படத்தைக் காட்டுவது பாதுகாப்புக்குக் கேடு என்று பேசிவிட்டு வந்தவர். இதற்குத்தான் காந்திமதி அக்காவின் துணை தேவைப்பட்டது. விஷயத்தைச் சொன்னேன். அக்கா முழுசாகக் கேட்டுவிட்டு, கான்வென்ட்டில் இதையெல்லாம்தான் சொல்லித் தருகிறார்களா என்று கேட்டாள். பிறகு அவர் வராந்தாவில் ஷேவ் செய்துகொண்டிருந்த நேரமாகப் பார்த்துச் சுவருக்கு அந்தப்பக்கம் துணி உலர்த்த வந்தாள். யாருக்கோ சொல்வது மாதிரி உரக்கச் சொன்னாள்.

“கருணாகரன் சாரு ஏன் அந்தப் படம் வேணாங்கிறாருன்னு கிளப்புல பேசிக்கிறாங்க. இங்கிலீசு படம் புரியாதாம். மிஷின் புஸ்தகத்து இங்கிலீசு வேற, வெள்ளைக்காரன் வாயால பேசற இங்கிலீசு வேறயாம்.”

இந்தப்பக்கம் ரேஸர் நின்றது. மோவாயில் ஒரு துளி ரத்தம்.

அவர் அன்று மாலையில் தானாகவே, அந்தப் படத்தில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்றார். கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவன் போய் நாற்காலியில் உட்கார முடியுமா என்றும் அவரே கேட்டுக்கொண்டார். அவரிடம் நேரே பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எனக்குத் தைரியம் இல்லாத விஷயத்தையெல்லாம் நான் செல்லக்கிளியிடம்தான் சொல்வேன். அவளை மடியில் போட்டுக்கொண்டு சொன்னேன்.

“பின்பக்கம் ஒரே இருட்டு, இல்லம்மா? தலையில துண்டைப் போட்டுகினு உக்காந்தா சொந்தப் பெண்டாட்டிக்கே அடையாளம் தெரியாது. பேரு போட்டு முடிஞ்சப்புறம் போனா எவனும் பார்க்க மாட்டான்.”

படம் போட்ட அன்று அவர் ‘கூட வேலை செய்கிற கொளஞ்சியப்பன் வீடுவரை போய்வருகிறேன்’ என்று கிளம்பினார். கொளஞ்சியப்பன் வீட்டுக்குப் போக எதற்குத் துண்டு என்று நான் கேட்கவில்லை. காந்திமதி அக்காவோடு படத்துக்குப் போக உத்தரவு கேட்டேன். அன்றைக்கு அவருக்கு இருந்த அவசரத்தில் காசிக்குப் போகக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்.

முன்பக்கம் பாயில் உட்கார்ந்தேன். செல்லக்கிளி மடியில் தூங்கிவிட்டாள். துணியில் பையன்கள் ஓடினார்கள், பாடினார்கள். குழந்தை முகக்காரர் தலையை ஆட்டி ஆட்டி இடது கையால் கித்தாரை மீட்டினார். அவரைப் பார்த்து எனக்கும் மயக்கம் வரும் போலிருந்தது; ஆனால் அது வேறு காரணத்தால். படத்தில் அடிக்கடி கடைப் பலகைகளும் போஸ்டர்களும் வந்தன. பின்பக்கத்தில் அந்த எழுத்தெல்லாம் திரும்பித் தெரியுமே. எழுத்தைப் பார்த்தால் அவருக்கு விஷயம் புரிந்துவிடுமே. ஒவ்வொரு பலகைக்கும் நான் காந்திமதி அக்காவின் தொடையைக் கிள்ளினேன். அக்கா கடைசியில் இடம் மாறி உட்கார்ந்தாள்.

நாங்கள் வீடு திரும்பியபோது அவர் முன்னமே வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

“கொளஞ்சியப்பன் நல்லா இருக்காருங்களா?”

“கெடக்கிறான் அவன். இந்தா, உக்காரு. அந்தப் படத்தை வழியில நின்னு கொஞ்சம் பார்த்தேன். எல்லாம் புரிஞ்சிது. நீ ஒரு ஆளுதான் பீச்சாங்கைன்னு சொன்ன. உனக்குச் சரியாப் பார்க்கத் தெரியல. மூணு பேரு. அந்தக் கொழந்த மூஞ்சிக்காரன் ஒருத்தன்தான் சோத்தாங்கை.”

“அப்படியாங்க?”

“அதுலயும் ஒரு விஷயம். போர்டெல்லாம் இன்னா எழுத்து தெரியுமா? ரஷ்ய எழுத்து. ரஷ்யாக்காரன் கட்டிக் குடுத்த நம்ம தெர்மல் கரண்டு ஸ்டேஷனுக்கு வந்துச்சே மிஷின் பெட்டி, அதுல எழுதியிருக்குமே திருப்பித் திருப்பி, அதே எழுத்து. அப்ப இந்தப் படமே ரஷ்யாக்காரன் உதவியிலதான் எடுத்திருக்கான். வெளியில சொல்ல மாட்டான்.”

நான் தலையாட்டினேன். தலையாட்டுவது பொய்யாகாது.

அவர் எழுந்து தூங்கும் குழந்தையின் கையிலிருந்து காக்கி உறையை அவரே அவிழ்த்தார். நாலில் மூன்று என்றால் அதுதான் ஸ்டாண்டர்டு, மாணிக்கம்மாள் அக்காவுக்கு இந்தத் தொழில் விவரமெல்லாம் தெரியாது, நெல்லிக்குப்பமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றார். செல்லக்கிளியின் குட்டி விரல்கள் வெளியே வந்து விரிந்தன. கல்யாணமாகி அத்தனை நாளில் அவ்வளவு நிம்மதியாக நான் தூங்கியதில்லை.

காலையில் எழுந்து பார்த்தேன். காக்கி உறை செல்லக்கிளியின் வலது கையில் இருந்தது.

“ஸ்டாண்டர்டு பீச்சாங்கைன்னு தெரிஞ்சப்புறம் சோத்தாங்கையைக் குறுக்க விடலாமா? அது பூந்து கொழப்பும். கல்யாணம் பண்ற வயசுல இவ கித்தார் வாசிப்பா, பாரு.”

அப்புறம் ஒரே கஷ்டகாலம். வலது கை கட்டிப் போட்டதில் குழந்தைக்கு ஊன்றித் தவழ வரவில்லை. ஒருபக்கமாகச் சாய்ந்து வட்டமடித்தாள். நான் பழையபடி பஸ் சத்தத்துக்கு அவிழ்த்துக் கட்டினேன். அவர் மட்டும் நெய்வேலி முழுக்கப் பீச்சாங்கைப் பிரசாரம் செய்தார். கேண்டீனில் இடது கையால் டீ வாங்கி, யாரோ ஒருவர் வேட்டியில் ஊற்றினாராம். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பலமுறை வாயைத் திறந்தேன். சொன்னால் ஸ்டாண்டர்டு மறுபடி மாறும். தீபாவளி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஒருநாள் காந்திமதி அக்கா சுவர்ப்பக்கம் வந்து சொன்னாள், அதே நாலு பேருடைய இன்னொரு படம் வருகிறதாம். இந்தத் தடவை கலராம்.

நான் இரண்டாவது சபதம் செய்தேன். இந்தத் தடவை அவர் முன்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். மூன்று வலது, ஒன்று இடது என்று அவர் கண்ணாலேயே பார்க்கட்டும். இரண்டு படத்தையும் சேர்த்து வைத்தால் எந்தக் கையானாலும் ஒன்றுதான் என்று அவருக்கே தோன்றாதா? தோன்றாமல், துணிக்குப் பின்னால் உட்கார்ந்த விஷயம் தோன்றிவிட்டால்? ஆனாலும் செல்லக்கிளியைத் தூக்கி மடியில் வைத்தேன். ஏனென்றால் அவர் இந்தத் தடவையும் பின்பக்கம் போவதாகத்தான் இருந்தார். பின்னால்தான் காற்று வருகிறது, மெஷின் சத்தம் இல்லை, முன்னால் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குச் சினிமா தெரியாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“உனக்குப் பின்பக்கம் ஆவாதும்மா. ஒரே பீடிப் புகை. இருமல் வரும். அப்பா நாற்காலியில உக்காந்து உன்னை மடியில வச்சிகினு காட்டுவாருன்னு பார்த்தேன். அதுக்கு நாம கொடுத்து வைக்கல.”

சாயங்காலம் முன்பக்கத்துப் பாஸ் வந்துவிட்டது.

படத்தன்று அவர் ஆண்கள் பக்கத்தில், கயிற்றோரத்து நாற்காலியில். மடியில் செல்லக்கிளி, வலது கையில் காக்கி உறை. இந்தப்பக்கம் பாயில் நான். படத்தைப் பார்ப்பதை விட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு வந்தது. நாலு பேரும் கலரில் வாசித்தார்கள். அவர் கால் தாளம் போட்டது. போட்ட தாளம் பாதியில் நின்றது. நாற்காலி நுனிக்கு வந்தார். தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். இடது கையைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி துணியைப் பார்த்தார். நான் கான்வென்ட்டு மாதாவையும் எங்கள் ஊர் மாரியாத்தாளையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன்.

ரீல் மாற்ற விளக்குப் போட்டதும் அவர் நேரே கயிற்றுக்கு வந்தார்.

“பார்த்தியா?”

“எதைங்க?”

“கையை மாத்திட்டானுங்க.”

நான் பாயின் நார் ஒன்றைப் பிய்த்தேன்.

“போன படத்துல மூணு பேரு பீச்சாங்கை, ஒருத்தன் சோத்தாங்கை. இந்தப் படத்துல மூணு பேரும் சோத்தாங்கை, அந்த ஒருத்தன் பீச்சாங்கை. இதுக்கு இன்னா அர்த்தம், சொல்லு.”

பக்கத்தில் காந்திமதி அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“தெரியலீங்க.”

“ஷிப்டு,” என்றார் அவர். குரலில் பக்தி இருந்தது. “ஒரே கை எப்பவும் வேலை செஞ்சா தேஞ்சி பூடும். அதான் படத்துக்குப் படம் ஷிப்டு மாத்திக்கிறானுங்க. அந்த ஒருத்தன் ரிலீவர், மாத்த வர்ற ஆளு. அவன் எப்பவும் எதிர் ஷிப்டு. எல்லாரும் ஒண்ணா மாறினா பாட்டு நின்னு பூடும் இல்ல? போர்டு எழுத்தைப் பார்த்தியா, சுத்தமான இங்கிலீசு. ரஷ்யாக்காரன் கான்ட்ராக்டு முடிஞ்சிருக்குது.”

மாதாவுக்கும் மாரியாத்தாளுக்கும் நன்றி சொல்லிக்கொண்டே வீடு வந்தேன். அவசரப்பட்டு நன்றி சொல்லிவிட்டேன் என்று வீட்டுக்கு வந்ததும் தெரிந்தது. அவர் மகளுக்கு ஷிப்டு போட்டார். காலை ஆறிலிருந்து இரண்டு வரை இடது கை வேலை. உறை வலது கையில். இரண்டிலிருந்து பத்து வரை வலது கை வேலை. உறை இடது கையில். பத்துக்கு மேல் இரண்டுக்கும் ஓய்வு. சங்கு ஊதியதும் உறையை மாற்றுவது என் பொறுப்பு. மாற்றாமல் விட்டால், தீபாவளிக்கு நெல்லிக்குப்பம். மாணிக்கம்மாள் அக்காவிடம் ஷிப்டு முறையை விளக்கிச் சொல்லிவிடுவாராம்.

அந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்டு. காலையில் வர வேண்டியவர் வரவில்லை. பஸ் வந்தது, எல்லோரும் இறங்கினார்கள், அவர் இறங்கவில்லை. நான் என்னென்ன நினைத்தேன் என்று எழுத மாட்டேன். இரண்டு மணிச் சங்கு ஊதியது. உறையை மாற்றுவதாவது, எனக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை. அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். கரித்தூள் அப்பிய முகம், சிவந்த கண். அப்படியும் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது உறையை.

“சங்கு ஊதி எவ்ளோ நேரமாவுது? ஏன் மாத்தல?”

பயந்தவளுக்குக் கோபம் வந்தால் அதற்கும் பயமாகத்தான் இருக்கும். அப்படியும் கேட்டேன்.

“நீங்க ஏங்க காலையில வரல?”

“என்னை மாத்த வேண்டிய சக்கரபாணி டூட்டிக்கு வரல.”

“அவர் வராட்டி என்னங்க? சங்குதான் ஊதிட்டாங்களே. இறங்கி வந்துட வேண்டியதுதானே?”

நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி அவர் பின்வாங்கினார்.

“ரிலீவர் வந்து நிக்காம எறங்கறதா? நானா? ஊதட்டும் சங்கு, ஊதிக்கினே இருக்கட்டும். மாத்த ஆளு வரலைன்னா இருக்கிறவன்தான் பார்க்கணும். எட்டு மணி நேரமோ, பதினாறு மணி நேரமோ. அது ரூலு. ரூலை மீறிட்டு இந்த ஊர்ல ஒரு சக்கரம் சுத்தாது.”

நான் செல்லக்கிளியைத் தூக்கித் தரையில் உட்கார வைத்தேன். வலது கையிலிருந்து உறையை அவிழ்த்தேன். இரண்டு கையும் வெறும் கை. ஒரு பிஸ்கட்டை அவளுடைய வலது பக்கத்தில், வலது கைக்குப் பக்கத்திலேயே வைத்தேன். செல்லக்கிளி பிஸ்கட்டைப் பார்த்தாள். வலது கை அசையவில்லை. உடம்பை முழுசாகத் திருப்பி, இடது கையைக் குறுக்கே நீட்டி எடுத்துக்கொண்டாள்.

“சங்கு ஊதிடுச்சுங்க. வலது கை டூட்டிக்கு வரல. இருக்கிற கை எப்படிங்க இறங்கும்?”

அவர் குனிந்து, இன்னொரு பிஸ்கட்டை எடுத்து மகளின் வலது கையிலேயே வைத்து, விரல்களை மூடிவிட்டார். செல்லக்கிளி அதை அப்படியே இடது கைக்கு மாற்றிவிட்டு, வெறும் வலது கையை அப்பாவிடம் விரித்துக் காட்டினாள்.

அவர் மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் அந்த வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“சரி,” என்றார். “அதுக்கு ஆப்சென்ட் போட்டுடு.”